வளைவில் உடைந்த தண்டவாளம்

அந்தத் தண்டவாளம் உடைவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால் அதன்மேல் நான் போயிருந்தேன். இரண்டு பேர் பின்னாலிருந்து ஓடித் தள்ளும் டிராலியில், குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. வளைவு வந்ததும் இறங்கினேன். முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தண்டவாளத்தின் அடியில் பிடித்து அதன் பிம்பத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தேன். பிறகு எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய ஜல்லித் தூளைத் தட்டிவிட்டு, நோட்டில் எழுதினேன்: 'வளைவு பார்வையிடப்பட்டது. குறை இல்லை.'

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஓடும் ரயில் பாதையில் ஒரு பகுதிக்கு நான் இன்ஸ்பெக்டராகப் புதிதாக வந்திருந்தேன். தண்டவாளம், அதன் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை, ஜல்லி, அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. காவிரிக் கரையிலிருந்து வந்தவனுக்கு அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. சும்மா உட்காரத் தெரியாத ஆள் நான். ஞாயிற்றுக்கிழமையும் பாதையில் நடந்துகொண்டிருப்பேன். அதைச் சுறுசுறுப்பு என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள். அது பயம் என்று எனக்குத் தெரியும்.

அன்று நான் அந்த வளைவில் இறங்கியது கூட நானாக இறங்கியதல்ல. அந்த இடத்துக் கீமேன் சொல்லித்தான் இறங்கினேன். கீமேன் என்றால், தினமும் காலையில் தன் எல்லைக்குள் பாதை முழுவதும் நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, கழன்ற போல்ட்டை முடுக்கி வைப்பவர். தோளில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. இந்தக் கீமேன் மலைக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மனைவியும் நிலமும் மேலே மலையில் இருந்தன. இவர் கீழே, பாதைக் கூலியாட்கள் தங்கும் கேங் குடிசையில் தங்கி வேலை பார்த்து, லீவு கிடைக்கும்போது நடந்தே மலை ஏறிப் போவார். பேச்சு குறைவு.

"அய்யா, அந்த வளைவுல வெளிப்பக்கத்து தண்டவாளம் சத்தம் சரியில்லீங்க" என்றார்.

"என்ன சத்தம்?"

"சுத்தியால தட்டுனா மத்ததெல்லாம் கணீர்னு கீது. அது ஒண்ணு மட்டும் தொண்ட கட்டுன மாதிரி கீது."

தண்டவாளம் கட்டையில் இறுக்கி வைத்த நிலையில் கணீரென்று ஒலிக்காது என்பது நான் படித்த பாடம். கட்டை தளர்ந்திருந்தால், ஜல்லி குறைந்திருந்தால் சத்தம் மாறும். அதையெல்லாம் சரிபார்த்தேன். நன்றாகவே இருந்தன. தண்டவாளத்தின் தலையில், சக்கரம் உரசும் உள்விளிம்பில் மட்டும் மீன் செதில் போலச் சின்னச் சின்னதாக இரும்பு உரிந்திருந்தது. நகத்தால் நெருடினால் தட்டுப்பட்டது. வளைவுகளில் அது சகஜம். வண்டியின் பாரமெல்லாம் அங்கே வெளிப்பக்கம் சாயும், இரும்பு கொஞ்சம் தோல் உரியும்.

"ஒன்றும் இல்லை. சந்தேகமாக இருந்தால் தினமும் தட்டிப் பாரும்" என்று சொல்லிவிட்டு டிராலியில் ஏறினேன். அவர் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. சத்தம் தொண்டை கட்டியது மாதிரி இருக்கிறது என்று எப்படி எழுதுவது? மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நான்காம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடி வந்தான். மார்கழிக் குளிர். மலையிலிருந்து இறங்கிய பனி அடிவாரத்தில் அப்படியே படுத்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வளைவுக்கு இப்பால் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. எஞ்சினுக்கு முன்னால் கீமேன் ஜல்லியில் குந்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் சிவப்புக் கொடி. காலை நடையில் உடைவைக் கண்டதும், டிரைவரை எச்சரிக்கும் வெடியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டியை எதிர்த்து ஓடியிருக்கிறார். டிரைவர் வெடிச் சத்தம் கேட்டுப் பிரேக் போட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளிப்பக்கத்துத் தண்டவாளம் நடுவில் செங்குத்தாக, கத்தியால் நறுக்கியது போல இரண்டாக நின்றது. இடைவெளியில் என் விரல் ஒன்று நுழையும். குளிரில் இரும்பு சுருங்கி இழுத்துக்கொண்டதில் வாய் பிளந்துவிட்டது. நாங்கள் அவசர அவசரமாக வேறு தண்டவாளம் போட்டோம்.

மத்தியானம் ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். தண்டவாளம் உடைந்தால் யாரோ உடைத்தார்கள் என்று தொடங்குவது அந்தக் காலத்து வழக்கம். அவர் உடைந்த இடத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். இரும்பின்மேல் பளபளவென்று சுத்தியல் அடித்த தழும்புகள். பழையவை, புதியவை, எல்லாம் அந்த ஒரே இடத்தில்.

"இது யார் சுத்தி?"

"என்னிதுங்க" என்றார் கீமேன்.

"இங்க மட்டும் எதுக்கு இத்தனை அடி?"

"அய்யா தட்டிப் பாக்கச் சொன்னாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீமேனும் பார்த்தார். நான் சொன்ன வாக்கியம் இன்றைக்கும் எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "தளர்ந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பது கீமேன் வேலைதான்" என்றேன். அது பொய்யில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. அந்த அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். தானே உடைத்துத் தானே ஓடி வந்து சொல்லி வெகுமதி வாங்கப் பார்த்த ஆட்களை அவர் முன்பு பார்த்திருக்கிறாராம். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடு என்று கீமேனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கீமேன் வரவில்லை. கேங் குடிசையில் அவர் பெட்டி இல்லை. மலைக்குப் போய்விட்டார் என்றார்கள். "ஓடிப் போய்ட்டானா? அப்ப சரி, அவன்தான்" என்றார் போலீஸ் அதிகாரி. அவருக்குக் கேஸ் சுலபமாகிவிட்டது.

அன்று மதியம் நான் சாமான் கொட்டகைக்குப் போனேன். உடைந்த இரண்டு முனைகளையும் அறுத்து அங்கே போடச் சொல்லியிருந்தேன். முதல் நாள் பதற்றத்தில் சரியாகப் பார்க்கவே இல்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து உடைந்த முகத்தைத் துடைத்தேன்.

முகத்தின் பெரும்பகுதி உடைத்த கற்கண்டு போல மினுமினுத்தது. அது அன்றைக்கு உடைந்த இரும்பு. ஆனால் தண்டவாளத்தின் தலைக்குள்ளே, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, கோழி முட்டை அளவில் ஒரு வட்டம் மழுமழுவென்று கருத்திருந்தது. அதற்குள் வளையம் வளையமாகக் கோடுகள், வெட்டிய மரத்தில் தெரிவது போல. வளையங்களுக்கு நடுவே எள்ளளவு ஒரு புள்ளி. அங்கேதான் அது பிறந்திருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் படித்த ஒரு பாடம் அப்போது ஞாபகம் வந்தது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த நகத்தளவு இடத்தில்தான் வண்டியின் கனம் இறங்குகிறது. சக்கரம் வரும்போது இரும்பு அமுங்குகிறது, போனதும் விடுபடுகிறது. அடுத்த சக்கரம், மறுபடி அமுக்கம். மிகுந்த அழுத்தம் விழுவது மேலே அல்ல, தோலுக்குச் சற்றுக் கீழே. அங்கே ஒரு சின்ன மாசு, ஒரு கசடு இருந்தால் போதும், மயிரிழையாக ஒரு விரிசல் தொடங்கும். ஒவ்வொரு சக்கரமும் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு திறந்துவிட்டுப் போகும். இது வருடக்கணக்கில் நடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு குளிர்ந்த காலையில், தேய்ந்து தட்டையான சக்கரம் ஒன்று சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் இரும்பு தாங்காது.

உலோகத்தின் களைப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்ததே இல்லை. களைத்த மனிதன் படுத்து எழுந்தால் தெளிந்துவிடுவான். இரும்பு அப்படியில்லை. எத்தனை நாள் சும்மா கிடந்தாலும் பட்டது பட்டதுதான்.

அந்த முகத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. உள்ளே இருந்த விரிசலை என் கண்ணாடி எப்படிக் காட்டும்? நான் தப்பு செய்யவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வருவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. கருத்த வட்டத்தைக் காட்டினால், 'ஏற்கெனவே பலவீனமாக இருந்ததை அவன் அடித்து உடைத்தான்' என்பார்கள். அங்கே எதற்கு அடித்தான் என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

மூன்று நாட்கள் அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. பாதையில் நடந்தேன். எல்லா வளைவிலும் இறங்கினேன். தெரியாத ஒன்றைத் தேடித் தண்டவாளத்தை நகத்தால் சுரண்டினேன். உரிந்த இடங்களைக் கணக்கில்லாமல் கண்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருவட்டம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வண்டி தாண்டும் ஒவ்வொரு தடவையும் அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சோறு இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அறுத்த முனையிலிருந்து இரண்டங்குலத் துண்டு ஒன்றைக் கேங் ஆட்களைக் கொண்டு அறுத்து எடுத்தேன். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மலைக்கு எப்படிப் போவது என்று விசாரித்தபோது, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்கித் தரும் வாணியம்பாடி வியாபாரி ஒருவரின் லாரி புறப்பட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி, மருதாணி போட்ட தாடி.

"மேலயா? வாங்க சார், முன்னாடி குந்துங்க. பையில இன்னா, இவ்ளோ கனம்?"

"இரும்பு."

"மலைக்கு இரும்பு எடுத்துனு போற மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். லாரி திருப்பங்களில் முக்கி முக்கி ஏறியது. நான் நூறு கேள்வி கேட்டேன், எத்தனை நேரம், எத்தனை மைல், அங்கிருந்து நடை எவ்வளவு. "சார், உங்களுக்கு அவசரம், லாரிக்குத் தெரியாதே" என்றார் பாய். வழியில் ஒரு ஓடையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, என் பையைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். பார்த்தார். கருவட்டத்தை விரலால் தடவினார்.

"தோல்லயும் இப்டி வரும் சார். மேல பாத்தா பளபளன்னு இருக்கும். இழுத்துப் பாத்தா நடுவுல வுட்ரும். வாங்கும்போது தெரியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லாரி நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தேன். கேட்டுக் கேட்டுப் போனதில் ஒரு சரிவில் கீமேனின் களம் இருந்தது. மாடுகளை ஓட்டிச் சாமைக் கதிரை மிதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாடுகளை நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினார், இன்னொரு சுற்று. அவர் மனைவிதான் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கீழேருந்தா வர்றீங்க? எங்கூட்டுக்காரர புடிக்கவா?"

"இல்லம்மா. நான் போலீஸ் இல்லை."

"தெரியும்" என்று களத்திலிருந்து அவர் சொன்னார். "இவருதான் அந்த இன்ஸ்பெக்டரு."

மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்து எனக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு அங்கியேதான நின்னுகினு இருந்தீங்க? நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். ஒரு வார்த்த சொன்னா இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

அப்படி என்னிடம் யாரும் பேசியதில்லை. அதற்கு நான் தகுந்தவன்தான். பையிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கினார். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். கருவட்டத்தின் மேல் கட்டைவிரல் வெகு நேரம் நின்றது.

"இது எத்தினி நாளா உள்ளாற இருந்திருக்கும்?"

"வருஷக்கணக்கில்."

"நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே?"

"ஆமாம். நீர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே கூட இருக்கலாம்."

"தெனம் அது மேலதான் நடந்துகினு இருந்தனா" என்றார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இரும்பு எப்டிங்க வெளிய நல்லா இருந்துகினு உள்ள மட்டும் ஒடையும்?" என்று என்னைக் கேட்டார். களத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் மடக்கிக் காட்டினேன். ஏழெட்டு மடக்கில் அது கையோடு வந்துவிட்டது. "வண்டி போகப் போக அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக" என்றேன். அந்த அம்மா கம்பித் துண்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் கட்ற கம்பிங்க அது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் கீமேன் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"என்னோடு வாரும். நான் நடந்ததைச் சொல்கிறேன்" என்றேன்.

"மாட்டேங்க."

"ஏன்?"

"நீங்க மொதல்ல போய் சொல்லுங்க. எழுதிக் குடுங்க. குடுத்துட்டீங்கன்னு ஆள் வந்து சொன்னா வர்றேன். உங்க கூட வந்து அங்க நின்னு, மறுபடியும் உங்க மூஞ்சியப் பாத்துனு நிக்க என்னால ஆவாது."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். அந்த நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டது அதுதான். கடுக்காய் மூட்டைகளோடு லாரி இறங்கியபோது நானும் இறங்கினேன்.

திங்கட்கிழமை எங்கள் பெரிய இன்ஜினியர் விசாரணைக்கு வந்தார். கண்டிப்பான மனிதர், நல்லவர். இரும்புத் துண்டை மேஜைமேல் வைத்தேன். பார்த்தவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "உள்ளே தொடங்கிய விரிசல். வெளியே பார்த்து எந்த மனிதனாலும் சொல்ல முடியாது" என்றார். பிறகு நான் மீதியைச் சொன்னேன். கீமேன் முன்கூட்டியே சொன்னது, நான் எழுதாதது, தட்டிப் பார் என்று நானே சொன்னது, போலீஸ் கேட்டபோது மழுப்பியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துண்டை வைத்து அவரை விடுவித்துவிடலாம். நான் பேசிக்கொள்கிறேன். மற்றதை நீர் எழுத்தில் கொடுக்க வேண்டுமா? யோசியும். வேலையில் இப்போதுதான் காலூன்றுகிறீர்."

"கொடுத்தால்தான் அவர் இறங்கி வருவார், சார்."

"அவர் நிபந்தனையா?"

"ஆமாம்."

இன்ஜினியர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். முழுப் பக்கம் வந்தது. சத்தம் தொண்டை கட்டியது போல இருந்தது என்று கீமேன் சொன்னதையும் அதே வார்த்தைகளில் எழுதினேன். படித்துவிட்டு இன்ஜினியர் சிரிக்கவில்லை. "விரிசலைப் பார்க்காதது உம் தப்பில்லை. காது கொடுத்துக் கேட்ட ஆள் சொன்னதை எழுதாமல் விட்டது உம் தப்பு" என்றார். அவ்வளவுதான் திட்டு. கடுக்காய் வியாபாரி மூலம் மலைக்குச் செய்தி அனுப்பினேன்.

கீமேன் வாரக் கடைசியில் வந்தார். போலீஸ் அதிகாரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தாளையும் படித்துவிட்டு, அவரைப் போகச் சொன்னார். வண்டியை நிறுத்தியதற்குப் பாராட்டுக் கடிதம் பிற்பாடு வந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். கேட்டுவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் பேச்சு வேலையோடு நின்றது. நான் செய்ததை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மழுப்பாமல் சொல்லியிருப்பார், அதனாலேயே கேட்கவில்லை.

எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது, கூடவே மாற்றலும். கடலோரத்தில் ஒரு பாலத்துக்குப் போட்டார்கள். பல வருடங்கள் கழித்து, இரும்புக்குள் ஒலி அலையை அனுப்பி உள்விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவி எங்களுக்கு வந்தது. சக்கரங்கள் வைத்த பெட்டி, அதில் ஒரு சின்னத் திரை. முதல் நாள் அந்தத் திரையில் விரிசலைக் காட்டும் ஒரு கோடு எழும்பியதும் எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் வெயில் என்று நினைத்தார்கள். கருவி வந்த பிறகும் என் கால் ஆடுவது நிற்கவில்லை. தண்டவாளம் சக்கரத்தைத் தாங்கும்வரை உள்ளே ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும்.

மலையடிவாரத்தை விட்டு மாற்றலாகிப் போன நாள் பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வளைவு முழுவதற்கும் புதுத் தண்டவாளம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டி நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. கேங் ஆட்கள் கடப்பாரைகளோடு ஒதுங்கி நின்றார்கள். சிலர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்கள். கீமேன் கடைசியில் நின்றார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றாகத் தன்னைத் தாண்டும் சக்கரங்களைப் பார்த்தபடி அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.